பொறாமைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை

ஏரி மிதவைகள் ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பட்டதாரி, முதல் நாள் காலையில் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், திரும்பி வரவில்லை. அவருக்கு ஜின்ஜாவில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருந்தது. இது ஆணையத்தின் வாசலில் மண்டாசி அப்பம் பொரித்து விற்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஆனால் ஆணையம் அவளைக் கேட்கவில்லை. விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவினர் எண்டெபேயில் ஏரியைப் பார்த்த ஹோட்டலில் ஒரு வாரம் தங்கி ஆராய்ந்து, 'அன்னார் புதுவேலைப் பதற்றத்தால் பீடிக்கப்பட்டு மறைந்தார்' என்று அறிக்கை கொடுத்தார்கள். நைரோபியில் இருந்த ஒரு நிதியுதவி நிறுவனம் அதைப் படித்து மனம் இளகிப் பணம் அனுப்பியது. புதுப்பணியாளர் பதற்றத் துறை இப்படித்தான் உண்டாயிற்று.

துறைக்குத் தனிக் கட்டடம், ஜீப், அலுவலர்கள் எல்லாம் வந்தாயிற்று. புதுப்பணியாளர்கள்தான் இல்லை. வந்த பணமெல்லாம் துறைக்கே சரியாகப் போனதால் ஆணையம் யாரையும் வேலைக்கு எடுத்திருக்கவில்லை. "இதுவரை எத்தனை பேரின் பதற்றம் தணிந்தது?" என்று நைரோபியிலிருந்து கேட்ட பிறகுதான் அவசர அவசரமாக இரண்டு பேரை எடுத்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் பதற்றம் தணிந்தவருக்கு நிரந்தர வேலை.

அந்த இருவரில் ஒருவன் எரியாபு முகீபி. கம்பாலாவின் பழைய டாக்ஸி நிறுத்தத்தில் பல வருடம் கண்டக்டராக இருந்தவன். பதினாலு பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை ஏற்றி, இறங்கும்போது இருபது பேரிடமும் திட்டு வாங்கி, அத்தனையையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த நடைக்குக் கத்தத் தொடங்குகிறவன். மாலைக் கல்லூரியில் படித்து, எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியில் இந்த வேலை: ஏரியில் படகுகளுக்கு வழி காட்டும் மிதவைகளைப் பார்த்துக்கொள்வது. மிதவை உதவி ஆய்வாளர். மற்றவள் ஜோவியா. மேற்கே மாடு மேய்கிற மேட்டுப் பகுதியிலிருந்து வந்தவள். கணக்கியல் படித்தவள். அவ்வளவு தண்ணீரை அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் மிதவை உதவி ஆய்வாளர்தான்.

முதல் நாள் காலை இருவரையும் பெரிய கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆணையத்தின் மொத்த ஊழியர்களும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். தலைமை அமைதி அலுவலர் திருமதி நமுலோண்டோ, விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடி டம்ளருடன் வந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் சிந்துகிறதோ அவ்வளவு பதற்றம்.

ஜோவியா நாலு எட்டு வைப்பதற்குள் பாதித் தண்ணீர் போய்விட்டது. யாரோ "அச்சச்சோ" என்றார்கள். மீதியும் போயிற்று. கடைசியில் டம்ளரும் போயிற்று. கூடம் முழுக்கக் கைதட்டியது. நமுலோண்டோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முதல் தரம்! சுத்தமான முதல் தரம்!" என்று அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

அடுத்து எரியாபு. அவன் வீட்டிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்திருந்தான். பாதி வழியில் டம்ளரை வாயில் வைத்து நிம்மதியாகக் குடித்து முடித்துவிட்டு, "எங்க வைக்கணும்மா இத?" என்று கேட்டான்.

யாரும் கைதட்டவில்லை.

பிறகு இயக்குநர் கலீசா வரவேற்புரை ஆற்றினார். கோட்டின் மேல் இன்னொரு கோட்டு போட்டதுபோல அகலமான மனிதர்.

"பயத்த நாம மதிக்கணும். எனக்கு பயமே கிடையாது, அது வேற விஷயம். பத்தொம்பது வருஷமா இந்த ஆணையத்துல இருக்கேன். 'இன்னிக்கு வேலைய ஒழுங்கா செஞ்சமா'ன்னு ஒரு நாள்கூட எனக்குக் கவலை வந்ததில்ல. காரணம் என்ன? வேலைய நான் கிட்டவே விட்டதில்ல. யோசிச்சுப் பாருங்க. புதுசா வேலைக்கு வர்றவன் எதனால பதறுறான்? வேலையால. அத நீக்கிட்டா அப்புறம் பதற்றம் எங்கேர்ந்து வரும்? அமைதின்னா என்னன்னு தெரியணும்னா என்னையப் பாருங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அமைதியாகத்தான் இருந்தார்.

அன்றிலிருந்து ஜோவியாவுக்கு வேலை எதுவும் கிடையாது. ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் மெத்தை தைத்த நாற்காலி. இஞ்சி டீ. மதியம் வாழையிலையில் வேகவைத்த மடோக்கே என்ற வாழைக்காய் மசியல், நிலக்கடலைக் குழம்பு, கோழி. மணிக்கொரு தரம் ஓர் அலுவலர் வந்து குனிந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். சாப்பிட்டதும் கதவைச் சாத்திப் போர்வை போர்த்திவிடுவார்கள். அதற்கு அமைதி நேரம் என்று பெயர்.

அவள் செய்ய வேண்டிய வேலையும் எரியாபுவிடம் வந்தது. அவனுக்கு இடம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். மதியம் வாசலுக்குப் போய் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தருகிற ரோலெக்ஸ் வாங்கி, அது சட்டையில் ஒழுக நின்றுகொண்டே தின்பான். தின்னும்போது கண் தானாக அந்த ஜன்னலுக்குப் போகும்.

முதல் வாரம் அவன் அதைப் பொறாமை என்று நினைக்கவில்லை. தன் பக்கத்து நியாயம் என்று நினைத்தான்.

"கோழியில அவளுக்கு எந்தத் துண்டு வைக்கிறாங்க தெரியுமா? ஈரல். அதோட தொடை" என்றான் மனைவி ரோபினாவிடம். ரோபினா கடைத்தெருவில் முடி பின்னும் கடை வைத்திருந்தாள். ஒரு பெண்ணின் தலை அவள் மடியில் பாதி பின்னியபடி கிடந்தது.

"அதெல்லாம் போய் எட்டிப் பாத்தீங்களா?"

"எட்டிப் பாக்கல. தெரியுது."

"அவ பாவம், கை நடுங்குதாம்ல."

"எனக்கும்தான் நடுங்கும். சந்தர்ப்பம் குடுத்தாங்களா?"

மடியில் கிடந்த தலை சிரித்தது. ரோபினா சீப்பால் அதைத் தட்டி அடக்கினாள். "ஏங்க, ஓடுற வண்டிக் கதவுல ஒத்தக் கையால தொங்கிக்கிட்டு போலீஸ்காரன் தொப்பியத் தட்டிவிட்ட ஆளு நீங்க. உங்களுக்கு நடுக்கமா? போங்க, போய் வேலையப் பாருங்க."

"இல்லாத பதற்றம் எப்படித் தணியும்? தணியலன்னா எப்படி நிரந்தரம் பண்ணுவாங்க?" என்று எரியாபு கேட்டான். அது உண்மையான கேள்வி.

அவன் பதறத் தீர்மானித்தான்.

மறுநாள் நமுலோண்டோ கடந்து போகும்போது கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டான். கோப்பைக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கடுத்த நாள் உடம்பு முழுவதையும் உதறிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தான். மலேரியா என்று சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு ஊசி போட்டுக்கொண்டு திரும்பினான். கூட்டத்தில் பேசச் சொன்னபோது திக்கிப் பார்த்தான். எத்தனையோ வருடம் ஊர்ப் பெயர்களைக் கூவிப் பழகிய வாய். திக்கின இடமெல்லாம் தாளமாக வந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் தோளை ஆட்டினார்கள்.

கடைசியில் முறைப்படி மேல்முறையீடு செய்தான். பதற்றத் தர நிர்ணயக் குழு கூடியது. நமுலோண்டோ நடுவில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர்.

"தம்பி, உங்களுக்கு எதனால பதற்றம்?"

"எனக்குத் தூக்கம் வரலைங்கம்மா."

"நல்லது. எதனால வரல?"

எரியாபு பொய் சொல்லத்தான் வந்திருந்தான். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த கனிவு அவனைக் கவிழ்த்துவிட்டது. அந்த அலுவலகத்தில் அவனை யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கோழி குடுக்கிறீங்க. நாற்காலி குடுக்கிறீங்க. மணிக்கொரு தரம் எப்படி இருக்குன்னு கேக்குறீங்க. செத்தியா இருக்கியான்னு என்னைய ஒரு ஆளு கேக்கல. ராத்திரி படுத்தா அந்தக் கோழிதான் கண்ணு முன்னாடி வருது. சாப்பிடப் பிடிக்கல. நெஞ்சு படபடங்குது."

குழுவினர் தலைகளைச் சேர்த்துக் கலந்து பேசினார்கள். பிறகு நமுலோண்டோ வருத்தத்தோடு சொன்னார்:

"தூக்கமின்மை இருக்கு, படபடப்பு இருக்கு, பசியின்மை இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா காரணம் தப்பா இருக்கே தம்பி. இது பொறாமை. பொறாமைக்கு நிதி ஒதுக்கீடு இல்ல."

"ஒரு ஓரமா சேத்துக்க முடியாதாம்மா?"

"சேத்தா அப்புறம் ஆணையம் முழுக்க வரிசையில நிக்கும். நானும் நிப்பேன். இயக்குநரோட ஜீப்புக்கு ஏசி, எனக்குக் கிடையாது. சொன்னேனா நான் யார்கிட்டயாவது?"

வேறு வழியில்லாமல் எரியாபு நேரே வித்தை தெரிந்தவளிடமே போனான். அமைதி நேரத்தில், காவலுக்கு இருந்த அலுவலர் தூங்கியதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஜோவியா போர்வைக்குள் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இங்க பாரு தங்கச்சி, சண்டை போட வரல. ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. எப்படி நடுங்குற?"

"என்னண்ணே?"

"கைய மட்டுமா ஆட்டணும், தோள்லேர்ந்தா? எனக்கு வர மாட்டேங்குது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எரியாபு கதவைப் பார்த்தான், திரும்பி அவளைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

"தெனம் காலையில டம்ளர் குடுக்கிறாங்க. கணக்குப் பிரிவு, காவலாளி, டிரைவர் எல்லாரும் நின்னு பாக்குறாங்க. இன்னிக்கு எவ்வளவு சிந்தும்னு பந்தயம் கட்டுறாங்க. அப்படிப் பாத்தா யாருக்குத்தான் கை நடுங்காது? மொத நாள் பயந்துட்டேன், உண்மைதான். ஒரு வேலையக் கையில குடுத்திருந்தா மூணாவது நாள் மறந்திருப்பேன். வேலையே குடுக்கல. உக்காந்து உக்காந்து, என்னால எதுவுமே முடியாது போலன்னு எனக்கே தோணிப் போச்சு."

"கோழி?"

"எறங்கவே இல்ல. ஜன்னல் வழியாப் பூனைக்குப் போடுறேன்."

எரியாபுவுக்குப் பழைய பொறாமையே மறுபடி வந்தது. இப்போது அந்தப் பூனையின் மேல்.

"உங்களத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க படகுத்துறையில வசுவா அண்ணனோட சண்டை போடுறதும், ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே படகுல போறதும். சாயங்காலம் சட்டையெல்லாம் பெயின்ட்டோட வருவீங்க. இந்த ஆளுக்கு என்ன கொடுப்பினைடான்னு அப்படியே எரியும்" என்றாள் ஜோவியா.

"எரியுமா?"

"பத்தி எரியும்."

எரியாபு நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தான். தன்னைப் பார்த்து ஒருவருக்கு வயிறு எரியும் என்று அவன் நினைத்ததே இல்லை. பல வாரங்களில் முதல்முறையாக அவனுக்கு நன்றாகப் பசித்தது.

"பின்கதவு தெரியுமா உனக்கு? வா" என்றான்.

வசுவா ஆணையத்தின் ஒரே படகை ஓட்டுகிறவன். அவள் படகில் கால் வைத்ததும் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, "கண்டக்டரே, எங்கேர்ந்து புடிச்சீங்க இத? மாட்டுக் கொம்பப் புடிக்கிற மாதிரியில்ல புடிக்குது?" என்றான்.

"கொம்பு இருந்தா இந்நேரம் திருப்பிவிட்டிருப்பேன்" என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி.

முதல் மிதவை வந்தது. மீனவர்கள் அதில் வலையைக் கட்டி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எரியாபு வழக்கம்போலக் கத்தினான். அவர்களும் வழக்கம்போலக் கையசைத்துவிட்டு வலையைப் பார்த்தார்கள். ஜோவியா விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும் எடுத்து வாயருகே குவித்து ஒரு சத்தம் போட்டாள். மந்தையைத் திருப்புகிற சத்தம். மீனவர்கள் எழுந்து நின்று வலையை அவிழ்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்கள். மதியம் முடிவதற்குள் அவள் அந்த மிதவைக்குப் பாதிச் சிவப்பு அடித்துவிட்டாள். ஒரு சொட்டு தண்ணீரில் விழவில்லை.

"இத்தன மாசமா நான் கத்துறேன், ஒருத்தன் அசையல" என்றான் எரியாபு வசுவாவிடம். சந்தோஷமாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தான்.

அதன் பிறகு தினமும் அமைதி நேரத்தில் நாற்காலியில் ஒரு தலையணை போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. அலுவலர் மணிக்கொரு தரம் வந்து தலையணையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, 'முன்னேற்றம்' என்று சொல்லிப் போனார். எரியாபுவுக்கும் ஒரு விஷயம் உறைக்காமல் இல்லை. இவள் கை நடுக்கம் நின்றுவிட்டால் நிரந்தரம் இவளுக்குத்தான். தானே கூட்டிப்போய்த் தானே கொடுக்கிறோம். ஒரு நாள் அவளை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வேகமாகப் படகுத்துறைக்கு நடந்தான். அவள் அவனுக்கு முன்பே படகில் உட்கார்ந்து, "ஏண்ணே லேட்டு?" என்றாள்.

ஒரு நாள் காலை டம்ளர் சிந்தவில்லை.

கூடம் அரண்டுவிட்டது. நமுலோண்டோ டம்ளரைப் பிடுங்கி இன்னும் ஊற்றினார். அப்போதும் சிந்தவில்லை. அன்று மாலையே நைரோபியிலிருந்து தகவல்: ஆய்வாளர் திருமதி வைரிமு வருகிறார்.

இயக்குநர் ஜோவியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எரியாபுவையும் கூப்பிட்டார், கதவைச் சாத்துவதற்கு.

"அம்மாடி, உனக்காக ஒரு கட்டடம் கட்டியிருக்கோம். ஜீப் வாங்கியிருக்கோம். நமுலோண்டோவோட புள்ளைங்க உன் நடுக்கத்துலதான் படிக்குது. இப்படித் திடீர்னு குணமானா எப்படி? கொஞ்சம் கொஞ்சமா குணமாகணும். ஒரு நாலஞ்சு வருஷம் எடுத்துக்க. யாரு கேக்கப்போறா?"

"எனக்கு நடுக்கம் வரலைங்க ஐயா."

"முயற்சி பண்ணு."

"நான் பண்ணட்டுங்களா?" என்றான் எரியாபு, கதவருகே இருந்து.

"உனக்கு வராதுன்னு குழுவே சொல்லிருச்சு. பேசாம நில்லு."

திருமதி வைரிமு நைரோபிக்காரர்களுக்கே உரிய வேகத்தோடு வந்தார். டீ வேண்டாம் என்றார். பாட்டு வேண்டாம் என்றார். டம்ளர் நடையைப் பார்த்தார். ஜோவியா போய்த் திரும்பி வந்தாள். மூடி போட்டதுபோலத் தண்ணீர் அசையவில்லை.

"அருமை. ஒருத்தர் வந்தாங்க, ஒருத்தர் குணமாயிட்டாங்க. திட்டம் வெற்றிகரமா முடிஞ்சுது. இனிமே பணம் தேவையில்ல" என்றார் வைரிமு. நமுலோண்டோ பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். "விமானத்துக்கு நேரம் இருக்கு. எங்கே, உங்க மிதவைகளக் காட்டுங்க. இயக்குநரே, நீங்களே வாங்க."

"நானா?" என்றார் கலீசா.

பத்தொன்பது வருடத்தில் அவர் படகுத்துறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பலகையில் கால் வைத்தபோது அது ஆடியது. வசுவா கையைப் பிடித்து இறக்கினான். நமுலோண்டோ, ஜோவியா, எரியாபு எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். படகு கரையை விட்டதும் இயக்குநரின் முகம் சாம்பல் நிறமாயிற்று.

"இங்கேர்ந்து மொத மிதவை எது?" என்று கேட்டார் வைரிமு.

இயக்குநர் நாலு பக்கமும் பார்த்தார். தூரத்தில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. "அதோ. அதுதான். நம்ம பெருமைக்குரிய மிதவை" என்று விரலை நீட்டினார்.

"ஐயா, அது எண்ணெய் கேன். வலைக்கு அடையாளம் கட்டியிருக்காங்க" என்றான் வசுவா.

நீட்டிய விரலை இயக்குநரால் மடக்க முடியவில்லை. அது ஆடத் தொடங்கியது. விரலிலிருந்து கைக்கு, கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இரண்டு கோட்டுக்கும் பரவியது. படகே லேசாக ஆடியது. "எனக்கு... என்ன வேலைன்னு... யாரும் சொல்லலையே..." என்றார், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடப்பட்ட குழந்தையின் குரலில். அந்தக் குரல் பொய் இல்லை. எரியாபுவுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

"முதல் தரம்!" என்று கூவினார் நமுலோண்டோ. படகு என்பதை மறந்து எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, பாருங்க! இன்னிக்குத்தான் இவருக்கு வேலையில மொத நாள்! புதுப்பணியாளர்!"

வைரிமு குறிப்பேட்டை எடுத்தார். அவர் பார்த்த அத்தனை திட்டங்களிலும் இவ்வளவு உண்மையான நடுக்கத்தைப் பார்த்ததில்லை என்று பின்னர் அறிக்கையில் எழுதினார். உயர் அலுவலர்களுக்கும் திட்டத்தை நீட்டித்து நிதியை இரட்டிப்பாக்கினார். போகிற போக்கில், "மிதவை எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேராவது இருக்கட்டும்" என்று சொல்லி எரியாபுவையும் ஜோவியாவையும் நிரந்தரமாக்கச் சொன்னார்.

இவ்வளவும் நடந்த பிறகு எரியாபு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ரோபினாவும் அப்படித்தான் நினைத்து மீன் வறுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, படகு புறப்படத் தயாராக இருந்தது. ஜோவியா முன்னால் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கட்டடத்தின் பக்கவாட்டில் புதிதாக ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் இயக்குநர் சாய்ந்திருந்தார். ஒருவர் கால் அமுக்கினார். ஒருவர் விசிறினார். முழுதாகப் பொரித்த ஒரு திலாப்பியா மீனை நமுலோண்டோ முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டது படகுத்துறை வரைக்கும் கேட்டது.

வசுவா இயந்திரத்தை இழுத்துவிட்டான். படகு திரும்பியது. எல்லோரும் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்க, எரியாபு மட்டும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, திரும்பி உக்காருங்க. மிதவை இந்தப் பக்கம் இருக்கு" என்றாள் ஜோவியா.

"தெரியும்" என்றான் எரியாபு.

ஆனால் திரும்பவில்லை.